மெதுவாகப் போகிறவரின் வண்டி

நிலவறையைத் துப்புரவாக்க வேண்டும் என்று முடிவெடுத்தது மனைவி. குனிந்து பெட்டிகளை இழுத்தது நான். ஒவ்வொரு பெட்டியிலும் எறிய மனம் வராத ஏதோ ஒன்று கிடக்க, வேலை நகர்வதாயில்லை. பழைய கருவிப் பெட்டியின் அடித்தட்டில் எண்ணெய்த் துணியால் சுற்றிய பொருளொன்று அகப்பட்டது. பிரித்தால், உள்ளங்கைக்குள் அடங்கும் ஓர் உலோகத் தகடு. ஒரு முனை உள்வளைந்து சரிவாகச் சீவியிருந்தது. மறுமுனையிலிருந்து மெல்லிய தண்டொன்று நீண்டிருந்தது.

மனைவி வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, இதென்ன தட்டகப்பையோ?"

பிள்ளைகள் மண்சோறு ஆக்கி விளையாடுவார்களே, அந்த அளவுக்கு ஒரு தட்டகப்பை என்றால் பொருந்தும்தான். நான் தகட்டை விட்டுவிட்டுத் துணியை முகர்ந்தேன். பாதி எரிந்த டூ ஸ்ட்ரோக் எண்ணெயின் மணம் இத்தனை வருடத்துக்குப் பிறகும் போகவில்லை. கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் காறல். ரொறொன்ரோவின் ஒரு நிலவறையில் நின்ற எனக்கு, சாகனேயின் பனியும் சாவகச்சேரியின் புழுதியும் ஒரே நேரத்தில் மூக்கில் ஏறின.

அது பவர் வால்வு. ஸ்னோமொபைல் என்கிற பனிவண்டியின் எஞ்சினில், புகை வெளியேறும் வாயில் ஏறி இறங்கும் தகடு.

கனடாவுக்கு வந்த புதிதில் மொன்றியலில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அதைத்தான் செய்தோம். அங்கே எனக்குத் தெரிந்த ஒருவர், வடக்கே ஒரு கராஜில் எஞ்சின் வேலை தெரிந்த ஆள் தேடுகிறார்கள் என்றார். வடக்கே என்றால் எவ்வளவு வடக்கே என்று நான் கேட்கவில்லை. ஏறக்குறைய 460 கிலோமீற்றர். கியூபெக் நகரைத் தாண்டிய பிறகு பஸ் வெறும் காட்டுக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தது. இருட்டில் மரமும் பனியும் தவிர வேறொன்றும் தெரியவில்லை. சாகனே ஆற்றங்கரையில் இறங்கியபோது மூக்கின் உள்மயிர் உறைந்து குத்தியது. ஊருக்குப் பக்கத்திலிருந்த விரிகுடாவின் பெயர் ஹா! ஹா!. ஆச்சரியக்குறியோடுதான் வரைபடத்திலும் எழுதுவார்கள். என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கராஜ் முதலாளிக்கு அறுபது தாண்டிய வயது. பிரெஞ்சு தவிர ஒரு மொழியும் தெரியாது. என் பிரெஞ்சோ, புதுக் குடிவரவாளருக்கு அரசாங்கம் நடத்திய வகுப்பில் படித்தது. 'என் பேனா மேசையின் மேல் இருக்கிறது' என்று பிழையில்லாமல் சொல்ல வரும். 'பிஸ்டன் வளையம் தேய்ந்துவிட்டது' என்று சொல்ல வராது. அவரை மெசியூ என்றே அழைத்தேன், கடைசிவரை. முதல் நாள் அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த வண்டியொன்றின் பக்கம் கையைக் காட்டி, தன் காதைத் தொட்டுக் காட்டினார். கேள் என்று அர்த்தம்.

கேட்க எனக்குத் தெரியும். அதைச் சொல்லித் தந்தவர் சாவகச்சேரியில் இருந்த சின்ன மாமா.

மாமாவின் கராஜ் என்பது கிடுகுக் கொட்டிலும் ஒரு வேப்பமரமும். இறைப்பு மெசினிலிருந்து கடல் எஞ்சின் வரை எல்லாம் அங்கே வரும். அது போர்க்காலம். 1990-க்குப் பிறகு பெற்றோல் யாழ்ப்பாணத்துக்குள் வரத் தடை. ஊரில் ஓடிய மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடின. ஒரு சின்னச் சூப்பிப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருப்பார்கள். கார்புரேற்றருக்குள் அதில் இரண்டு சொட்டு விட்டு உதைத்தால் எஞ்சின் பிடிக்கும். பிடித்த பிறகு மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டே ஓடும். பழைய ஒஸ்டின் கார்கள்கூட அப்படித்தான் ஓடின. வெண்புகை எழும்பாத தெரு கிடையாது. யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே போகும் வழிகளான ஆனையிறவும் சங்குப்பிட்டியும் அடைபட்ட அந்த நாட்களில் சனம் கிளாலியில் இறங்கி இரவில் கடனீரேரியைக் கடந்தது. எஞ்சின் பூட்டிய ஒரு படகு, பின்னால் பல வள்ளங்களைக் கயிற்றில் இழுத்துக்கொண்டு போகும். நடுக்கடலில் எஞ்சின் நின்றால் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே கிளாலி எஞ்சின் கராஜுக்கு வந்தால் மாமா மற்ற வேலையெல்லாவற்றையும் ஒதுக்கிவைப்பார்.

"டேய் தம்பி, சாவியைக் கீழ வை. முதல் அது என்ன சொல்லுதெண்டு கேள். கழட்டினாப் பிறகு அது வாய் திறக்காது" என்பார்.

எரியாத எண்ணெயின் மணத்தை, பிளக்கில் படிந்த கரியின் நிறத்தை, புகை போகிற குழாயில் கையை வைத்தால் படுகிற மூச்சின் சீரை வைத்தே அவர் கோளாறைச் சொல்லிவிடுவார். வேறு வழியும் இருக்கவில்லை. மாற்றிப் போட்டுப் பார்ப்பதற்கு உதிரிப்பாகம் இல்லாத ஊரில் தவறாகக் கழற்றுவது கட்டுபடியாகாது. அந்தத் தடைக் காலத்தைப் புகழ்ந்து பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரு நல்ல மெக்கானிக்கை உருவாக்க ஓர் ஊரையே பட்டினி போட வேண்டியதில்லை.

சரி, இந்தத் தகடு எதற்கு? டூ ஸ்ட்ரோக் எஞ்சினின் தலையில் வால்வுகள் கிடையாது. சிலிண்டர் சுவரில் துவாரங்கள் இருக்கும்; ஏறி இறங்கும் பிஸ்டனே அவற்றை மூடித் திறக்கும். புகை போகும் துவாரத்தின் மேல்விளிம்பு உயரத்தில் இருந்தால், எஞ்சின் வேகமாகச் சுழலும்போது நல்ல பலம் கிடைக்கும். ஆனால் மெதுவாகச் சுழலும்போது, உள்ளே வந்த புதுக் கலவையில் ஒரு பங்கு எரியாமலே புகையோடு ஓடிவிடும். விளிம்பைத் தாழ்த்தினால் கீழ் வேகத்தில் இழுவை நன்றாயிருக்கும்; மேல் வேகத்தில் எஞ்சினுக்கு மூச்சு முட்டும். இரண்டும் வேண்டுமென்றால் விளிம்பே ஏறி இறங்க வேண்டும். தகடு செய்வது அதைத்தான். யமஹா 1970-களின் பிற்பகுதியில் தன் பந்தய மோட்டார் சைக்கிள்களில் இதைப் பூட்டியது. பிறகு பனிவண்டிகளுக்கும் வந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கியூபெக்கில் அதிகம் ஓடியவை ஒஸ்திரியாவில் செய்த ரோட்டாக்ஸ் எஞ்சின்கள். அவற்றில் தகட்டைத் தூக்க மோட்டாரும் இல்லை, கேபிளும் இல்லை. தகட்டின் தண்டைச் சுற்றி மடிப்பு மடிப்பாய் ஒரு ரப்பர் உறை. மேலே ஒரு சுருள்வில் அதைக் கீழே அழுத்திக்கொண்டிருக்கும். எஞ்சின் வேகம் பிடிக்கும்போது புகையின் அழுத்தம் சிறு துளைகள் வழியே உறைக்குள் ஏறி, வில்லை மீறித் தகட்டைத் தூக்கும். உச்சியில் ஒரு சிவப்புத் திருகு. அதை உள்ளே திருகினால் வில் இறுகும், தகடு தாமதமாகத் திறக்கும். வெளியே திருகினால் முந்தித் திறக்கும். எஞ்சின் தன் புகையாலேயே தன் வாயைத் திறந்துகொள்கிறது. இதை முதன்முதலில் கழற்றிப் பார்த்த அன்று, மாமா பார்த்திருந்தால் எத்தனை சுருட்டு புகைத்தபடி இதைக் கையில் வைத்து ரசித்திருப்பார் என்று எண்ணிக்கொண்டேன்.

கோளாறு என்று வருகிற யாரும் பவர் வால்வு பழுது என்று சொல்லிக்கொண்டு வர மாட்டார்கள். 'வண்டிக்கு இழுவையில்லை' என்பார்கள். ஒரு மரமறுப்புத் தொழிலாளி வந்தது நினைவிருக்கிறது. வேறொரு கராஜில் அவருடைய வண்டிக்குப் புதுப் பெல்ட் போட்டிருந்தார்கள், கிளச்சின் வில்லை மாற்றியிருந்தார்கள், கார்புரேற்றரின் ஜெட்டையும் மாற்றியிருந்தார்கள். பனிவண்டியில் கியர் கிடையாது. எஞ்சின் வேகத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்கும் இரண்டு கப்பிகளும் நடுவில் ஒரு பெல்ட்டும்தான். அதனால் வேகம் ஏறவில்லை என்றால் எல்லோருக்கும் முதலில் கிளச்சில்தான் சந்தேகம் போகும். அவருடைய வண்டி 8,000 சுற்றை நெருங்க வேண்டிய இடத்தில் 6,500-லேயே நின்றது. எவ்வளவு அழுத்தினாலும் ஏறாது. கீழ் வேகத்தில் ஒரு குறையும் இல்லை.

மெசியூ அவரை வண்டியை ஓட்டிக் காட்டச் சொன்னார். கராஜுக்குப் பின்னால் உறைந்த வயல்வெளி. நாங்கள் இருவரும் கதவடியில் நின்று கேட்டோம். எஞ்சின் பாடிக்கொண்டே ஏறி, ஓரிடத்தில் தொண்டை அடைத்து நின்றது. மெசியூ என்னைப் பார்த்தார். நான் தகடு இருக்கும் பக்கத்தைக் காட்டினேன். அவர் தலையசைத்தார். எங்கள் இருவருக்கும் இடையிலான முதல் முழு உரையாடல் அதுதான்.

மூடியைக் கழற்றியதும் தார்க்கறுப்பில் எண்ணெய் வழிந்தது. ரப்பர் உறையை எடுத்து மின்குமிழுக்கு நேரே பிடித்து மடிப்புகளை விரித்துக் காட்டினார் மெசியூ. ஒரு மடிப்பின் அடியில் ஊசிமுனை வெளிச்சம். அவ்வளவுதான். அந்தத் துளை வழியே அழுத்தம் கசிந்துவிட, தகடு எழும்பவேயில்லை. அதற்காக அந்த மனிதர் பெல்ட்டுக்கும் கிளச்சுக்கும் ஜெட்டுக்கும் ஒரு மாதச் சம்பளத்தைக் கொட்டியிருந்தார். புது உறை மாட்டியதோடு வேலை முடியவில்லை. மாற்றிய ஜெட்டையும் வில்லையும் பழையபடி வைக்க அரைநாள் போனது. எனக்குத் தெரிந்த பழுதுகளில் பாதி இந்த இரண்டாவது வகை: முதல் பழுதைத் தேடியவர் விட்டுப்போன பழுது.

நேரெதிரான கோளாறும் உண்டு. தகடு மேலே ஏறிய நிலையில் இறுகிவிட்டால் வண்டி புறப்படும்போது அழும், நின்று நின்று போகும், பிறகு எதிர்பாராத நேரத்தில் பாயும். இரண்டு சிலிண்டரில் ஒன்று மட்டும் இறுகினால் இன்னும் குழப்பம்; எஞ்சின் நடுங்கும், பிளக்குகளின் நிறம் ஒன்றுக்கொன்று மாறுபடும். உறையில் ஓட்டையே இல்லாமலும் தகடு எழும்பாதிருக்கும். அழுத்தம் வருகிற சிறு துளையைக் கரி அடைத்திருக்கும். துளைக்குச் சரியான துளையாணியைக் கையால் மட்டும் உருட்டி அந்தக் கரியை எடுக்க வேண்டும். தகட்டை மண்ணெண்ணெயில் ஊறவிட்டுப் பாத்திரம் தேய்க்கும் பச்சைத் துணியால் மெல்லத் தேய்ப்பேன். ஊரில் மோட்டார் சைக்கிளுக்குக் குடிக்கக் கொடுத்த மண்ணெண்ணெய், இங்கே குளிக்க வார்ப்பதற்கு. ரப்பர் உறையை மட்டும் கார்புரேற்றர் கழுவும் திரவத்தில் போடக் கூடாது, ஊதிப் போய்விடும். கழுவி முடிந்ததும் தகட்டை அதன் தடத்தில் வைத்து விரலால் தள்ளுவோம். எங்கும் தட்டாமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். கொஞ்சம் பிடிக்கிறதென்றால் மறுபடி மண்ணெண்ணெய்.

எங்களுடைய வாடிக்கையாளர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். குளிர்காலத்தில் விரிகுடா உறைந்ததும் அதன்மேல் நூற்றுக்கணக்கான மரக் குடில்கள் முளைக்கும். தெருக்களோடு ஒரு ஊரே அமையும். பனியில் துளை போட்டு மீன் பிடிப்பார்கள். ஆசிரியருக்கும் அங்கே ஒரு குடில் இருந்தது. வீட்டிலிருந்து குடிலுக்கு, குடிலிலிருந்து வீட்டுக்கு. வண்டியை அதற்கு மட்டும்தான் எடுப்பார். அவரை நடந்து போகிறவர்கள் முந்துவார்கள் என்று ஊரில் பகிடி. வண்டியைத் துடைத்து, மூடி, கண்ணைப் போலக் காத்தார். ஆனாலும் எங்கள் கராஜுக்கு அதிகம் வந்தது அவருடைய வண்டிதான். ஊர்ப் பெடியன்கள் மலைப்பக்கம் மொன்-வலேனில் ஆளுயரப் பனிக்குள் வண்டியை அடித்து முறித்துக்கொண்டு வருவார்கள். அவர்களுடைய பவர் வால்வுகள் கழுவி வைத்தவையாய் இருக்கும். ஆசிரியருடையது பிசின் பிடித்து அசையாது.

அவருக்கு இது பெரிய மனத்தாங்கல். "நான் ஒருநாளும் இந்த வண்டியை வருத்தவில்லையே" என்றார்.

வருத்தாததுதான் காரணம். காலையில் குளிர் என்று எஞ்சினை நெடுநேரம் வெறுமனே ஓடவிடுவார். அந்த வேகத்தில் எண்ணெய் முழுதாக எரியாது. பிறகு மெதுவாகவே போய்த் திரும்புவார். தகடு எழும்புவதற்கான அழுத்தம் ஒருநாளும் வராது. அசையாத தகட்டைச் சுற்றி எரியாத எண்ணெய் படிந்து, கோடையில் வண்டி கொட்டிலில் நிற்கும்போது இறுகிப் பசையாகிவிடும். அதற்கு மேல் அவர் வாங்கிய எண்ணெய், கடையில் இருப்பதிலேயே மலிவானது. மலிவு எண்ணெயில் கரி அதிகம்.

மெசியூ அவருக்கு மருந்துச் சீட்டு எழுதுகிற பாவனையில் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தார். நல்ல செயற்கை எண்ணெய். காலையில் நீண்ட நேரம் ஓடவிட வேண்டாம். சனிக்கிழமைதோறும் பனிக்கட்டி உறுதியாக இருக்கிற நீண்ட வெளியில், ஒருமுறை, கட்டைவிரல் நெம்பைக் கடைசிவரை அழுத்தவும்.

சில வாரம் கழித்து ஆசிரியரின் மனைவி கராஜுக்கு வந்தார். என் மனுஷனுக்கு என்ன சொல்லிக் கொடுத்தீர்கள் என்று சண்டை. அவர் இப்போது சனிக்கிழமை மட்டுமல்ல, எல்லா நாளும் பறக்கிறாராம். ஞாயிறு பூசைக்குக்கூட தலைக்கவசத்தோடு போய் இறங்கினாராம். மெசியூ வாயைத் திறக்கவில்லை. என்னைக் காட்டி, அவன்தான் என்று தோளைக் குலுக்கினார். என் பிரெஞ்சு அன்றைக்கு வசதியாக மறந்துபோயிற்று. ஆனால் அந்தக் குளிர்காலம் முழுவதும் அவருடைய வண்டி எங்களிடம் வரவில்லை. பதிலுக்கு ஆசிரியர் எப்பர்லான் என்ற சின்ன மீனை வாளி நிறையக் கொண்டுவந்து தந்தார். மிளகாய்த்தூளும் மஞ்சளும் பிரட்டிப் பொரித்து அவருக்கும் கொடுத்தேன். பனிக்குளிரில் அவருக்கு வேர்த்தது. இன்னொன்று கேட்டார்.

இன்னொரு வண்டி வந்தது, அது சிரிப்பல்ல. ஒருவரின் மருமகன் வீட்டிலேயே வால்வைக் கழுவிப் பூட்டியிருந்தான். கழுவியது சுத்தம், பூட்டியது மேல்கீழாக. தகட்டின் முனையில் உள்ள சரிவு, துவாரத்தின் சரிவோடு பொருந்த வேண்டும். கவிழ்த்துப் போட்டால் விளிம்பு சிலிண்டருக்குள் துருத்திக்கொண்டு நிற்கும், மேலேறும் பிஸ்டன் அதில் இடிக்கும். மாமனார் வந்து சிலிண்டரைப் பார்த்துவிட்டுத் திட்டத் தொடங்கினார். கியூபெக்காரர் கோபம் வந்தால் தேவாலயத்துப் பாத்திரங்களையும் பேழையையும்தான் வரிசையாகச் சொல்லித் திட்டுவார்கள். மருமகன் தலையைக் குனிந்து நின்றான். மாமனாரின் திட்டுக்கு முன்னால் எந்த மொழியில் பிறந்த மருமகனும் அப்படித்தான் நிற்பான் போலும். அன்றிலிருந்து மெசியூ கழற்றுகிற ஒவ்வொரு தகட்டின் மேற்பக்கத்திலும் பேனாவால் ஒரு புள்ளி வைக்கச் சொன்னார்.

பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்த பிறகு அவர்களோடு வல்கூர் ஊருக்குப் போனேன். பனிவண்டியை உருவாக்கிய ஜோசப்-ஆர்மண்ட் பொம்பார்டியே பிறந்து, தொழில் தொடங்கிய ஊர். அவருடைய முதல் கராஜை அப்படியே வைத்துப் பாதுகாத்து, பக்கத்தில் அருங்காட்சியகம் அமைத்திருக்கிறார்கள். 1934-ம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகனுக்குக் குடல்வால் அழற்சி. பனி மூடிய சாலையில் ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. பிள்ளை இறந்துபோனான். அதற்கு முன்பே பனியில் ஓடும் வண்டியைச் செய்ய முயன்றுகொண்டிருந்தவர் அதன் பிறகு விடவேயில்லை. 1937-ல் பற்சக்கரமும் ரப்பர் பட்டையும் கொண்ட அவருடைய அமைப்புக்குக் காப்புரிமை கிடைத்தது. மரக்கூடு வைத்த பெரிய வண்டிகள் டாக்டர்களையும் பள்ளிப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு பனிமேல் ஓடின. 1948-ல் கிராமச் சாலைகளிலும் பனி அகற்ற வேண்டும் என்று மாகாண அரசு சட்டம் போட, அந்த வண்டிகளுக்குத் தேவை குறைந்தது. சிறிய வண்டியான ஸ்கீ-டூ வந்தது 1959-ல். அவர் 1964-ல் காலமானார்.

என் மகள் அந்த இரண்டு வயதுப் பிள்ளையைப் பற்றிய பகுதியை விட்டு நகரவில்லை. வீதி அடைபட்டு ஆஸ்பத்திரிக்குப் போக முடியாமல் ஊரில் யாராவது செத்திருக்கிறார்களா அப்பா என்று கேட்டாள். கிளாலியைப் பற்றி அவளிடம் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பேசினேன். மாமாவின் கராஜில் திருத்திய எஞ்சின்கள் எத்தனை பிள்ளைத்தாய்ச்சிகளைக் கரை சேர்த்தன என்று மாமாவுக்கே தெரியாது. வல்கூரில் பொம்பார்டியேயின் சின்னக் கராஜைப் பார்த்தபோது, கூரை கிடுகல்ல என்பதைத் தவிர எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

புகை போகும் பாதையை வைத்து எஞ்சினின் பலத்தைக் கூட்டலாம் என்ற அறிவு வந்த வழியும் ஓர் அகதிக் கதைதான். கிழக்கு ஜெர்மனியின் ட்ஷோப்பாவ் நகரில் எம்.சட் நிறுவனத்தின் பொறியாளர் வால்ட்டர் காடன், 1950-களில் டூ ஸ்ட்ரோக்கின் புகைக்குழாயை வயிறு பெருத்த வடிவில் செய்து, திரும்பி வரும் அழுத்த அலையாலேயே கலவையைச் சிலிண்டருக்குள் அடைத்துவைக்கும் வித்தையைச் செம்மைப்படுத்தினார். அவருடைய ஓட்டுநர் ஏர்ன்ஸ்ட் டெக்னர் 1961-ல் சுவீடனில் பந்தயம் ஓடப் போன இடத்தில் மேற்குக்குத் தப்பினார். அவருடைய மனைவியும் பிள்ளைகளும் ஒரு காரின் பின்புறத்தில் ஒளித்து எல்லை கடத்தப்பட்டார்கள். டெக்னர் சுசுகியில் சேர்ந்தார். மறு ஆண்டே 50 சிசி உலகப் பட்டம் சுசுகிக்கு. காடன் கிழக்கிலேயே இருந்துவிட்டார். இந்தக் கதையில் எல்லோரும் டெக்னரைத் திருடன் என்றோ வீரன் என்றோ சொல்வார்கள். எல்லை தாண்டி வந்த எனக்கு, காருக்குள் மூச்சடக்கிக் கிடந்த அந்தப் பிள்ளைகளைத் தாண்டி யோசிக்க முடிவதில்லை.

நான் அந்தக் கராஜை விட்டு ரொறொன்ரோ வந்தது பிள்ளைகளின் படிப்புக்காக. வந்த பிறகு கார் வேலைதான். பனிவண்டிகளும் மாறிவிட்டன. இப்போது பல வண்டிகளில் பவர் வால்வை எப்போது தூக்குவது என்பதைக் கணினி தீர்மானிக்கிறது. சிலவற்றில் சிறு மோட்டார் கேபிளால் இழுக்கும். அங்கே ரப்பர் ஓட்டைக்குப் பதில் கேபிள் நீண்டு தளர்வதைப் பார்க்க வேண்டும். எண்ணெயை நேராகக் கணக்குப் பார்த்து விடுகிறார்கள், பெற்றோலைச் சிலிண்டருக்குள்ளேயே தெளிக்கிறார்கள். புகை குறைந்துவிட்டது. நல்லதுதான். யெலோஸ்டோன் பூங்காவின் நுழைவாயிலில் இருந்த காவலர்கள், வரிசையில் நிற்கும் பனிவண்டிகளின் புகை தாங்காமல் முகமூடி அணிந்து நின்ற காலம் உண்டு. பிறகுதான் அங்கே கட்டுப்பாடு வந்து, சத்தமும் புகையும் குறைந்த வண்டிகளுக்கு மட்டும் அனுமதி என்றாயிற்று. மாலையில் வீட்டுக்குப் போனால் என் சட்டையைத் தனியாகக் கழுவிய மனைவிக்கு இதையெல்லாம் சொல்லத் தேவையில்லை. 2023-ல் யமஹா, 2025 மாடலோடு பனிவண்டி செய்வதை நிறுத்துவதாக அறிவித்தது. மின்சாரத்தில் ஓடும் பனிவண்டிகளும் வந்துவிட்டன. அவற்றில் திறக்க வேண்டிய துவாரமே இல்லை.

போன மார்கழியில் ஒரு தொலைபேசி அழைப்பு. தெரிந்தவரின் மகன், இங்கேயே பிறந்த பெடியன். பழைய டூ ஸ்ட்ரோக் பனிவண்டி ஒன்றை மலிவாக வாங்கி, முதல் பனி விழுந்ததும் ஓட்டிப் பார்த்திருக்கிறான்.

"அங்கிள், வண்டி ஏழாயிரத்துக்கு மேல ஏறுதில்லை. பவர் வால்வாத்தான் இருக்கும். வீடியோவில பார்த்தனான்."

எனக்குள் ஏதோ ஒன்று எழுந்து உட்கார்ந்தது. என்ன எண்ணெய் விடுகிறாய், கோடையில் எங்கே நின்றது, கீழ் வேகத்தில் எப்படி இழுக்கிறது, பிளக் என்ன நிறம் என்று வரிசையாகக் கேட்டேன். பிளக் கறுப்பு என்றான். கொட்டிலில் நின்றதாம், மூடாமல். அந்த இடத்தில் எனக்குச் சின்னச் சந்தேகம் வந்தது, சொல்லவில்லை. சனிக்கிழமை வண்டியை இழுவைப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வீட்டு வாசலுக்கு வந்துவிட்டான். மனைவி தேத்தண்ணி ஊற்றப் போனாள். நான் அவனை எஞ்சினை ஓடவிடச் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அயல்வீட்டுச் சீனக் கிழவர் சன்னல் திரையை விலக்கிப் பார்த்தார். அடைப்பு புகை போகிற பக்கத்தில் இல்லை, காற்று வருகிற பக்கத்தில் என்று காது சொன்னது.

காற்றுப் பெட்டியின் மூடியைத் திறந்தேன். உள்ளே இருக்கை மெத்தையிலிருந்து பிய்த்த பஞ்சு, காய்ந்த புல், பழத்தின் கொட்டைகள். கோடையில் ஒரு எலி அங்கே குடும்பம் நடத்தியிருக்கிறது. காற்றே போகாத எஞ்சின் எப்படி ஏறும்? முழுவதையும் அள்ளி எடுத்ததும், தெருமுனையில் நின்ற காரின் அபாய மணி அலறும்படி வண்டி கர்ஜித்தது. பெடியனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

நான் நிறுத்தச் சொல்லிவிட்டு, சூடு ஆறியதும் பவர் வால்வுகள் இரண்டையும் கழற்றினேன். உறையை வெளிச்சத்துக்குப் பிடித்து மடிப்பு மடிப்பாகப் பார்த்தேன். ஒரு பொட்டுக் குறையில்லை. தகடுகள் வழுக்கிக்கொண்டு போய் வந்தன. மேற்பக்கத்தில் பேனாவால் புள்ளி வைத்து, திரும்பப் பூட்டினேன்.

பெடியன் தேத்தண்ணிக் கோப்பையோடு பார்த்துக்கொண்டிருந்தான்.

"எல்லாம் சரியாத்தானே அங்கிள் இருந்தது. பிறகேன் கழட்டினீங்கள்?"

"சும்மா. கனகாலம் பார்க்கேல்லை" என்றேன்.